சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் போய்வர ஒரு சிறிய மின்சாரக் கார்: வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

சுங்கைவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், 1980களில் கட்டப்பட்ட ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), ஓரடுக்கு வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். வேலை ஈப்போவில். காலையில் மகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, சிம்மோர், ஜெலாப்பாங் வழியாக அலுவலகம் போய், மாலையில் அதே வழியில் திரும்பினால் நாளொன்றுக்கு 65 கிலோமீட்டர் ஆகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். இப்போது ஓட்டுவது 2009ஆம் ஆண்டு விவா. இனி அதில் பணத்தைப் போட்டுப் பயனில்லை என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

பெட்ரோலில் ஓடும் மைவி எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் 2025 அக்டோபர் இறுதியில் புரோட்டோன் இ.மாஸ் 5 என்ற மின்சாரக் கார் வந்தபோது, அதன் தொடக்க விலை 60,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தது. மின்சாரக் கார் என்றால் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல், அது நமக்கு எட்டாத பொருள் என்று ஒதுக்கி வைத்திருந்த என்னைப் போன்றவர்களை அந்த விலை மறுபடியும் யோசிக்க வைத்துவிட்டது. 30 யூனிட் (கிலோவாட் மணி) மின்கலத்துடன் ஒன்று, 40 யூனிட் மின்கலத்துடன் ஒன்று என இரண்டு வகைகள் இருக்கின்றன. டபிள்யூ.எல்.டி.பி. என்ற அனைத்துலகச் சோதனை அளவீட்டின்படி முதலாவது 225 கிலோமீட்டரும் இரண்டாவது 325 கிலோமீட்டரும் ஓடும் என்று சொல்கிறார்கள்.

விற்பனை நிலையத்தில் சொல்லப்பட்டதை எல்லாம் கேட்டுவிட்டேன். இனி நம் ஊர்ச் சாலையில், நம் ஊர் வெயிலிலும் மழையிலும், நம் வீட்டு மின்சாரத்தில் இப்படிப்பட்ட காரை வைத்துப் பார்த்தவர்களின் அனுபவம் வேண்டும். மாதச் செலவு உண்மையில் எவ்வளவு குறைகிறது? பழைய வீட்டு வயரிங் தாங்குமா? நடுவழியில் நின்றுபோனால் இங்கே யார் பார்ப்பார்கள்? நல்லதை மட்டும் சொல்லாமல், பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

தம்பி, நான் தாதியாக ஈப்போவில் வேலை செய்கிறேன். என் ஓட்டமும் உங்கள் ஓட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். 2023 இறுதியில் 45 யூனிட் மின்கலம் கொண்ட ஒரு சிறிய காரை வாங்கினேன். இறக்குமதி மின்சாரக் கார் எதையும் 100,000 வெள்ளிக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற விதி இருந்த காலம் அது. விலையைக் கண்டு வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். இன்று வரை 47,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன்.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை சில நாட்களில் இரவு பத்து மணிக்கு முடியும். முன்பெல்லாம், எண்ணெய் குறைந்திருந்தால், வெறிச்சோடிக் கிடக்கும் நிலையத்தில் தனியாக இறங்கி நின்று அடிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த நிலைமை இரண்டு ஆண்டுகளாக எனக்கு இல்லை. வீட்டுக்கு வருகிறேன், செருகுகிறேன், குளிக்கப் போகிறேன். பணக் கணக்கில் எழுத முடியாத இந்த நிம்மதிக்காகவே நான் இந்தக் காரை மறுபடியும் வாங்குவேன்.

கணக்குக்கு வருகிறேன். பழைய சாலையில் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் என்று திரை காட்டும். ஆனால் சுவரிலிருந்து மின்கலத்துக்குப் போகும் வழியில் கொஞ்சம் வெப்பமாக வீணாவதால், வீட்டு மீட்டரில் 14 யூனிட்டுக்கு மேல் ஏறும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் குளிரூட்டியும் போட்டுக்கொண்டு போனால் 16 யூனிட்டைத் தாண்டிவிடும். பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, நெரிசலில் ஊர்ந்து போகும்போது குறைவாகவும், விரைந்து போகும்போது அதிகமாகவும் இது தின்னும்.

பட்ட பாடு இரண்டு. முதலாவது, 2024இல் பத்து நாள் இந்தியாவுக்குப் போய்த் திரும்பியபோது, கதவே திறக்கவில்லை. பெரிய மின்கலத்தில் பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தது. விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றை எழுப்பும் சிறிய 12 வோல்ட் பாட்டரிதான் செத்துப் போயிருந்தது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகச் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கலாம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மற்றொரு காரிலிருந்து கம்பி போட்டு எழுப்பினோம். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பாட்டரி உண்டு, அதற்கும் ஆயுள் உண்டு என்பதை வாங்கும் நாளிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, பின்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்ததில் பம்பரும் உணரி ஒன்றும் உடைந்தன. பெயர் சொல்ல விரும்பவில்லை. பழுது பார்க்கும் இடத்தில் உதிரிப்பாகத்துக்கு ஏழு வாரம் காத்திருக்க வைத்தார்கள். அந்த ஏழு வாரமும் தம்பியின் காரை இரவல் வாங்கி ஓட்டினேன்.

மின்கலம் தேய்ந்துவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள். என்னுடையது இரும்பு பாஸ்பேட் வகை. வாரம் ஒரு முறை முழுவதும் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியே செய்கிறேன். வாங்கிய புதிதில் ஓடிய தூரத்துக்கும் இன்று ஓடும் தூரத்துக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

மைவி ஓட்டி

அக்கா சொன்ன நிம்மதியை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி முதலில் கேட்டது மாதச் செலவு. அதை ரொட்டிக்கடை மேசையில் பேசுவதுபோல் பேசாமல், காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

என் மைவி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. 1,700 கிலோமீட்டருக்கு 113 லிட்டர். புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் 2025 செப்டம்பர் 30ஆம் தேதி தொடங்கியபோது குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 சென், மாதம் 300 லிட்டர் வரை என்று அறிவித்தார்கள். ஆக மாதத்துக்கு 225 வெள்ளி. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோலுக்கு 500, 600 வெள்ளி மிச்சம் என்று இணையத்தில் எழுதுவதைப் பார்க்கிறேன். அவர்கள் கோலாலம்பூரில் பெரிய கார் ஓட்டியவர்களாக இருக்கலாம். மானிய விலையில் எண்ணெய் அடித்துச் சிறிய கார் ஓட்டும் நமக்கு மொத்தச் செலவே 225 வெள்ளிதான். அதில் மிச்சம் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

அதோடு, வெளியில் விரைவு மின்னூட்டு நிலையத்தில் யூனிட் 1 வெள்ளி 20 சென்னிலிருந்து 1 வெள்ளி 60 சென் வரை வாங்குகிறார்கள். நடுவாக 1 வெள்ளி 40 சென் என்று வைத்தால் 100 கிலோமீட்டருக்கு 19 வெள்ளி ஆகிறது. என் மைவிக்கு 100 கிலோமீட்டருக்கு 13 வெள்ளி 30 சென். வீட்டில் செருக வசதி இல்லாதவருக்கு மின்சாரக் கார் பெட்ரோலைவிட விலை கூடியது என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

பெரோடுவா 2025 டிசம்பரில் வெளியிட்ட கியூவி-இ என்ற மின்சாரக் காரையும் பார்த்தேன். வெளியானபோது கார் 80,000 வெள்ளி. மின்கலம் தனியாக மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது ஆண்டுக்கு. அந்த வாடகையே என் எண்ணெய்ச் செலவைவிட அதிகம்.

பழைய ஆசிரியர்

முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் கணக்கு என்றால் கை சும்மா இருப்பதில்லை. மைவி ஓட்டியின் கணக்கு சரி. அதை நான் முடித்து வைக்கிறேன், ஏனென்றால் மறுபக்கத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

2025 ஜூலை 1 முதல் தெனாகா மின் நிறுவனத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு, மின்சாரம், திறன், கம்பித்தொடர் ஆகிய மூன்று கட்டணங்களையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். 1,700 கிலோமீட்டருக்கு 243 யூனிட் என்றால் 108 வெள்ளிதானே என்று பலரும் பெருக்கிப் பார்த்து மகிழ்கிறார்கள். அங்கேதான் தவறுகிறார்கள். 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. பயன்பாடு ஏற ஏற அந்தக் கழிவு சுருங்கும். அதுவும் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, மொத்தப் பயன்பாட்டுக்கும் சுருங்கும். 350 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 21 சென் கழிகிறது. காரைச் சேர்த்து 593 யூனிட் ஆனதும் கழிவு 9 சென்னாகிவிடுகிறது. ஆக 82 வெள்ளி கட்டிய வீடு 210 வெள்ளி கட்டும். காரின் உண்மையான மின்செலவு 128 வெள்ளி. என் வீட்டுப் பில்லும் ஏறத்தாழ இப்படித்தான் ஏறியது. 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேவை வரியும் சேரும் என்பதால், மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

225 வெள்ளிக்கு 128 வெள்ளி. மாதம் 97 வெள்ளி மிச்சம். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, ஸ்பார்க் பிளக் இல்லாததால் பராமரிப்பிலும் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி குறையும். மின்சாரக் காருக்கான சாலை வரி விலக்கு 2025 டிசம்பருடன் முடிந்துவிட்டது. இனி மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்து வரி; இத்தகைய சிறிய காருக்கு ஆண்டுக்கு நூறு வெள்ளியைத் தொடாது. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,500 வெள்ளி அளவில் மிச்சமாகலாம். நான் இதைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மிச்சத்தை மட்டும் நம்பி, மைவியைவிடப் பத்தாயிரம் வெள்ளி கூடுதலாகக் கடன் வாங்குவது சரியான முடிவாகாது.

இரவில் செருகினால் மலிவு என்று நேரவாரிக் கட்டணத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இரவு பத்திலிருந்து மறுநாள் பிற்பகல் இரண்டு வரை யூனிட்டுக்கு 2.6 சென்தான் குறைகிறது. 243 யூனிட்டுக்கு 6 வெள்ளி. மாலையில் குளிரூட்டி போடும் வீடென்றால் அதிலும் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும்.

மலையேற்றத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான்கு பேருடன் 1,500 கிலோ எடையுள்ள காரை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டால், 5.7 யூனிட் தேவை. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு இங்கிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். சாதாரண ஓட்டத்துக்கு 17 யூனிட், ஏற்றத்துக்கு 6 யூனிட். 30 யூனிட் காரில் கால் பங்கு மீதியுடன் போய்ச் சேரலாம், ஆனால் மனம் பதறிக்கொண்டே இருக்கும். டிசம்பர் விடுமுறையில் என் 40 யூனிட் காரில் பேரப்பிள்ளைகளுடன் போனேன். இறங்கி வரும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் செலவழித்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. மலை அடிவாரத்தில் விழுக்காடு கூடியிருப்பதைக் கண்ட சின்னவன், தாத்தா கார் தண்ணீர் குடிக்காமலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றான். வகுப்பில் நிலையாற்றல் பாடத்துக்கு இப்படி ஓர் எடுத்துக்காட்டு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சுங்கைவாசி

ஐயா, அந்த ஊக்கத்தொகை சுருங்கும் கணக்கை விற்பனை நிலையத்தில் யாரும் சொல்லவில்லை. மிக்க நன்றி. எங்கள் வீட்டில் மாதம் 330 முதல் 360 யூனிட் வரை ஓடுகிறது. நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் வீட்டுக் கணக்கு.

வயரிங் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காருக்கு மின்னூட்டும் ஏழு கிலோவாட் சுவர்ப்பெட்டி பொருத்தியே ஆக வேண்டுமா?

கம்பிக்காரர்

நான் உரிமம் பெற்ற வயர்மேன். இந்த வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன்.

தம்பி, உங்களுக்குச் சுவர்ப்பெட்டி தேவையில்லை. நாளுக்கு 65 கிலோமீட்டர் என்றால் 9 யூனிட்டுக்குச் சற்று அதிகம். காருடன் வரும் கைச்சார்ஜரை 8 ஆம்பியரில் வைத்தால் மணிக்கு 1.84 யூனிட் ஏறும். ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நீங்களோ இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை வீட்டில் இருக்கிறீர்கள். ஏழு கிலோவாட் பெட்டி 32 ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்துத் தாமான் வீட்டுக்கு ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்புதான் கொடுத்திருப்பார்கள். அதில் இரண்டு குளிரூட்டி, குளியலறையில் சுடுநீர்க் கருவி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மெயின் ஃபியூஸ் தாங்காது.

ஆனால் கைச்சார்ஜர் என்றவுடன், வரவேற்பறைச் சாக்கெட்டிலிருந்து சுருள் வயரை இழுத்துச் சன்னல் வழியாகப் போட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். 13 ஆம்பியர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவ முடியவில்லை. இழுத்துப் பார்த்தால், மின்சாரம் வரும் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மூடியைக் கழற்றினால் வயரின் உறை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கருகிப்போய், தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. வயரை இறுக்கும் திருகு தளர்ந்திருந்ததுதான் காரணம். வாணலி, அரிசிப் பானை என்று கால் மணி நேரம் ஓடும் பொருளுக்கு அந்தச் சாக்கெட் பல ஆண்டு தாங்கியது. ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம் நிற்காமல் இழுக்கும் காருக்குத் தாங்கவில்லை. அது சுவரோரம், மேலே துணித்திரை. இரவில் எல்லாரும் தூங்கும் நேரம்.

ஆகையால் டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) காருக்கென்றே தனி வயர் இழுக்க வேண்டும். நான் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுவேன். அதற்குத் தனி பிரேக்கர், தனியாக 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பி. அந்தத் துண்டிப்பி குறைந்தது ஏ வகையாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இருக்கும் ஏசி வகைக்கு, காரிலிருந்து வரும் நேர்மின் கசிவைக் கண்டுகொள்ளும் திறன் கிடையாது; கசிவு கூடினால் அது வேலை செய்யாமலே போய்விடலாம். சாக்கெட் கனமான வகையாக, மழைச்சாரல் படாத மூடியுடன் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக எர்த். நம் ஊரில் பழைய வீடுகளில் எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்துப் போயிருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஏனென்றால் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கார் மட்டும் கண்டுபிடித்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்து ஏற மறுக்கும். கார் பழுது என்று பட்டறைக்கு ஓடுவார்கள். நான் அளந்து பார்க்கும்போது எர்த் தடை 10 ஓமுக்குக் கீழே வராமல் விடமாட்டேன். இடி மின்னல் நம் பேராவில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆகவே டிபி பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பானும் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரன்

சாலையோரப் பட்டறை வைத்திருப்பவன் சொல்வதையும் கேளுங்கள். பிரேக், டயர், அப்சார்பர், குளிரூட்டி வாயு ஆகியவற்றை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கை வைக்க மாட்டோம். அது உயர்மின்னழுத்தம், பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். அதற்கு ஈப்போதான் போக வேண்டும்.

நான் அடிக்கடி பார்ப்பது டயர்தான். தோட்டச் சாலையில் போய் வருகிற வண்டிகளுக்குச் செம்பனை மட்டையின் முள் ஏறும். கறுத்துக் காய்ந்த முள், ஆணியைவிட மோசம். இந்தக் கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே வைப்பதில்லை. ஒரு பசைக் குப்பியும் காற்றடிக்கும் கருவியும் கொடுக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசை நிற்காது. லிந்தாங் பக்கம் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் இழுவை வண்டிதான். வாங்குவதற்கு முன் பின்கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இல்லையென்றால் அளவு பொருந்தும் ஒரு பழைய சக்கரத்தைத் தேடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ளச் சேதத்தையும் சேர்த்து எடுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது அடங்காது. மின்கலப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டிருந்தாலும், இருக்கைக்குக் கீழே ஓடும் மற்ற வயர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

எட்டாம் லயம்

எல்லாரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறேன். அப்பா பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை அறுத்தார். இப்போது அவருக்கு ஓய்வு நெருங்குகிறது. நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். நாளுக்கு 78 கிலோமீட்டர் ஓடுகிறேன். இந்த இழையில் எழுதியவர்களைவிட நான்தான் அதிகம் ஓடுகிறேன். ஐயாவின் கணக்குப்படி எனக்குத்தான் அதிகம் மிச்சமாக வேண்டும்.

ஆனால் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) காரை வாசலில் நிறுத்த முடியாது. வாசலுக்கும் சாக்கடைக்கும் இடையே ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் அகலம்தான். கார்கள் எல்லாம் நாற்பது மீட்டர் தள்ளி, ரம்புத்தான் மரத்தடியில் நிற்கும். வீட்டுக்குள் எங்களுக்கு இருப்பது மூன்று சாக்கெட். ஒன்றில் குளிர்பெட்டி, ஒன்றில் தொலைக்காட்சி, மூன்றாவது சமையல்கட்டில். வீடு எங்களுடையது அல்ல என்பதால், தனி வயர் இழுக்க வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நான் கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. எல்லாரும் கேட்டால் அது எல்லாருக்கும் தேவை என்றுதானே பொருள்?

மைவி ஓட்டி அண்ணன் எழுதிய 19 வெள்ளிக் கணக்கு எங்களுக்குத்தான் பொருந்துகிறது. நிலைய விலைக்கு மின்னூட்டினால் மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 380 வெள்ளி. பெட்ரோலுக்கு 265 வெள்ளி. தாமானில் சொந்த வீடு வைத்திருப்பவர் 100 கிலோமீட்டரை ஏழரை வெள்ளியில் ஓட்டுகிறார். அதே காரை, அதே சாலையில், லயத்தில் இருப்பவன் 19 வெள்ளிக்கு ஓட்ட வேண்டும். காரின் விலை குறைந்துவிட்டது, இனி சாதாரண மக்களும் வாங்கலாம் என்று பேசும்போது, வீட்டு வாசல் இல்லாத எங்களை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மைவி ஓட்டி

தம்பி, நான் எழுதியது சுங்கைவாசியைத் தடுப்பதற்காக. அது உங்கள் மேல் போய் விழும் என்று நினைக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

இரவுப்பணி

எட்டாம் லயம் தம்பி, உங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகை இன்னும் இருக்கிறதா? நான் பிறந்த தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்காக அந்தக் கொட்டகைக்குத்தான் முதலில் விளக்கும் கனமான வயரும் போட்டிருந்தார்கள். விடிந்ததும் காலியாகிவிடும், இரவு முழுவதும் சும்மா கிடக்கும். பக்கத்தில் கார் நிறுத்தப் பரந்த இடமும் இருக்கும். வீட்டுக்கு வீடு வயர் கேட்டால் நிர்வாகம் தயங்கலாம். ஒரே இடத்தில், மீட்டர் வைத்து, பயன்படுத்துகிறவரே பணம் கட்டுவதாகக் கேட்டால் பதில் வேறாக இருக்கக்கூடும்.

நெடுந்தூரத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், சுங்கைவாசி. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே வீட்டில் முழுவதும் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். திருவிழா நாட்களில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மின்னூட்ட வரிசை பிடிக்கும். சாதாரண நாளில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, அன்று இரண்டு மணி நேரமாகும்.

சுங்கைவாசி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கம்பிக்காரர் அண்ணன் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். எர்த் அளந்தபோது 38 ஓம் காட்டியது. இத்தனை ஆண்டுகள் என் மகள் ஈரக் கையோடு சுடுநீர்க் கருவியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த வீடு இது. கார் வாங்கும் பேச்சே எழாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது. பழைய கம்பியைப் பிடித்து அசைத்தபோது மண்ணுக்கு ஒரு சாண் கீழே அது முறிந்து கையோடு வந்துவிட்டது. இப்போது வாழை மரத்துப் பக்கம் ஈரமான மண்ணில் இரண்டு புதிய கம்பிகளை அடித்து இணைத்தோம். 7 ஓம். வீட்டுக்கும் புதிய துண்டிப்பி போட்டாயிற்று.

40 யூனிட் வகையைப் பதிவு செய்துவிட்டேன். அன்றாட ஓட்டத்துக்கு 30 யூனிட்டே தாராளம் என்று தெரிந்தும், அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்குப் பினாங்குக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் பெரியதை எடுத்தேன். மைவி ஓட்டி அண்ணனுக்கு நன்றி. மிச்சமாகும் பணத்தை எதிர்பார்த்து நான் இதை வாங்கவில்லை. தவணையை என் சம்பளம் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன், தாங்குகிறது. பட்டறைக்காரர் சொன்னபடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பழைய சக்கரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் லயம்

பெரட்டுக் கொட்டகை இருக்கிறது, அக்கா. தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) பேசினேன். எழுத்தில் கொடுங்கள், எத்தனை கார், எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று தெளிவாக எழுதுங்கள், மேலாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். மூன்று லயங்களிலும் கேட்டுப் பார்த்ததில், வசதி இருந்தால் வாங்குவோம் என்று ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கம்பிக்காரர் அண்ணன், ஆறு காருக்கு என்ன எழுத வேண்டும்?

கம்பிக்காரர்

இப்படி எழுதுங்கள். ஒரு காருக்கு 8 ஆம்பியர். ஆறும் ஒரே நேரத்தில் இழுத்தால் 48 ஆம்பியர். கொட்டகைக்கு மூன்று கட்ட இணைப்பு இருந்தால் கட்டத்துக்கு 16 ஆம்பியர்தான். ஒற்றைக் கட்டம் என்றாலும் பயமில்லை. மூன்று கார் இரவு ஏழிலிருந்து பன்னிரண்டரை வரை, மூன்று கார் பன்னிரண்டரையிலிருந்து ஆறு வரை என்று நேரமானியில் பிரித்தால் 24 ஆம்பியரைத் தாண்டாது. காருக்கு இரவுக்கு 10 யூனிட் ஏறும். உங்கள் 78 கிலோமீட்டருக்கு 11 யூனிட் வேண்டுமே என்று கேட்பீர்கள். குறைகிறதை ஞாயிற்றுக்கிழமை பகலில் ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி மீட்டர், தனிக் கசிவுத் துண்டிப்பி, எர்த் 10 ஓமுக்குக் கீழே. பில்லை அவரவர் மீட்டர்படி அவரவரே கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கொட்டகையின் டிபி பெட்டியைத் திறந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மெயின் ஃபியூஸின் மேல் எழுதியிருக்கும் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். பெட்டிக்குள் கை வைக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு காலை நானே வந்து அளந்து, வரைபடம் போட்டுக் கடிதத்துடன் இணைத்துத் தருகிறேன்.